இன்னும் 7 கி.மீ.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறி இறங்கிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதைக் கொட்டிவிடுகிறேன்.

அடிவாரத்திலேயே சாலையோர போர்டுகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டா வருவீர்கள்? "வீட்டுமனை விற்பனைக்கு." "எம்-சாண்ட், பி-சாண்ட்." "மூலம், பௌத்திரம்." எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்த மனைவி, "அதையாவது மனசுக்குள்ள படிங்களேன்" என்றாள்.

முதல் வளைவு தாண்டியதும் ஒரு ரிசார்ட் எங்களைப் பிடித்துக்கொண்டது. "இயற்கையின் மடியில். இன்னும் 7 கி.மீ." அடுத்த வளைவில், "அமைதி தேடுபவரா? இன்னும் 7 கி.மீ." அதற்கடுத்து 6. அப்பாடா என்றால், மறுபடி 7. வண்டி ஏறுகிறது, கிலோமீட்டரும் ஏறுகிறது. "குயிலோசையில் கண்விழியுங்கள்", அதன் கீழேயே "டிஜே வசதி உண்டு". குயில் எப்போது தூங்கும்? "ஏழைகளின் ஊட்டியில் எளிய கட்டணம், ரூ. 9,999 முதல்." எந்த ஊர் ஏழை இவர்? கடைசியில் "வந்துவிட்டீர்கள்!" என்று ஓர் அம்புக்குறி. அது காட்டிய திசையில் பள்ளத்தாக்குதான் இருந்தது. கொஞ்ச தூரத்தில், "தாண்டிவிட்டீர்கள்! யூ-டர்ன் எடுக்கவும்." எங்கே? கொண்டை ஊசி வளைவில்!

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அந்த ரிசார்ட்டின் இன்னொரு போர்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். சில்வர் ஓக் மரத்தில் நாலு ஆணி. ஆணியைச் சுற்றிப் பட்டை வீங்கிப் பிசின் வடிந்திருந்தது. மரத்தில் ஏறிய மிளகுக்கொடி போர்டின்மேலும் படர்ந்து, போன் நம்பரின் கடைசி நாலு எண்களை மறைத்துவிட்டது. அந்த மலையில் அன்றைக்கு உருப்படியாக வேலை பார்த்தது அந்தக் கொடி ஒன்றுதான்.

வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருக்கிறார்கள், மொத்தம் 20. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். பதினாலாவதை ஒரு ஃபிளெக்ஸ் மூடியிருந்ததால் பின்சீட்டில் அடிதடி.

திறந்தவெளிகளை விளம்பரம் ஒட்டி அலங்கோலப்படுத்தக் கூடாது என்று நம் மாநிலத்தில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1968-ல்தான் சாலையோர விளம்பரப் பலகைகளுக்குத் தடை போட்டது. நாம் ஒன்பது வருஷம் முந்திக்கொண்டோம். அங்கே பலகை போய்விட்டது, இங்கே சட்டம் பத்திரமாக இருக்கிறது. மணாலி–ரோதாங் பாதையில் பாறைகளின்மேலேயே விளம்பரம் தீட்டிய கம்பெனிகளை 2002-ல் உச்சநீதிமன்றம் கூப்பிட்டு விளாசியது. பாறைக்காவது கேட்க நாதி இருந்தது.

ரிசார்ட்காரர்களே, மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். வளைவு நம்பரை மறைக்காதீர்கள். போர்டு வைத்தே தீருவோம் என்றால் கிலோமீட்டரையாவது சரியாகப் போடுங்கள். கிட்டே வர வர அது குறைய வேண்டும்.