உறையும் பாவமும்

கேள்வி: கடையில் பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துத் துணிப்பையும் கண்ணாடிப் புட்டியுமாக வாங்கிவிட்டால், இயற்கைக்குச் செய்த பாவம் தீர்ந்துவிடுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பாவ விமோசனம் அத்தனை சுலபமென்றால், மகாமகக் குளத்தில் கூடும் ஜனத்திரள் முழுவதும் தங்கள் ஊர்த் துணிப்பைக் கடை வாசலில் அல்லவா கூடியிருக்கும்! பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்து முடிப்பதற்குள் செலவாகும் நீரையும் உரத்தையும் சக்தியையும் கணக்கிட்ட டென்மார்க் தேசத்து ஆய்வொன்று, பருவநிலை விஷயத்தில் மட்டுமே ஒரு பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாவதற்கு அதை 52 முறையாவது உபயோகித்தாக வேண்டும் என்று 2018-ல் தெரிவித்தது. தெருவில் எறியப்பட்ட பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைத்து, பசுவின் வயிற்றிலும் புகுந்து செய்கிற அக்கிரமம் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பது வாஸ்தவமே. ஆயினும், கல்யாண வீடுதோறும் தாம்பூலத்தோடு பெற்றுவந்து அலமாரியில் அடுக்கிவைத்த மஞ்சள் பைகள், அங்கே உறங்கும்வரை, எந்தப் புண்ணியக் கணக்கிலும் சேரமாட்டா.

உறைகளுள் அதமம், பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிச் செய்த சின்னஞ்சிறு பொட்டலம்; மத்திமம், ஒரே உபயோகத்தோடு குப்பைக்குப் போகும் கனத்த கண்ணாடிப் புட்டி; உத்தமம், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய பையும் எண்ணெய்த் தூக்கும். உத்தமத்துக்கு ஒரே ஒரு குறைதான்: அதை விற்று லாபம் சம்பாதிக்க ஒருவராலும் இயலாதாகையால், அதற்கு விளம்பரம் செய்வாரில்லை.