இருபத்துநான்காம் புலிகேசியின் இன்றியமையாமை: விக்கிரவாண்டிச் சாலை வழி ஓர் ஆய்வு

2006இல் சிம்புதேவன் இயக்கி, ஷங்கர் தயாரித்து, வடிவேலு இரட்டை வேடமிட்ட ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ ஓடிய ஓட்டத்தைக் கண்டு, 2017இல் 24ஆம் புலிகேசிக்கு அடிபோட்டார்கள். படப்பிடிப்பு பாதியில் நின்றது, பஞ்சாயத்து 2021 வரை நீண்டது, படம் வரவில்லை. வந்திருக்கத்தான் வேண்டுமா என்று ஆராய முதலில் ‘தேவை’யை அளக்க ஒரு கோல் வேண்டும். அது விக்கிரவாண்டியில் கிடைக்கிறது. சென்னை–திருச்சி சாலையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிவது இங்கேதான். ஏறத்தாழ 24ஆம் புலிகேசியின் காலத்திலேயே கையிலெடுத்த அந்த 165 கிலோமீட்டர் நான்குவழிப் பணியும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று பஸ்ஸில் குலுங்கிப் போனவர்களின் இடுப்பே அதற்குச் சாட்சி. எது இல்லாமற்போனால் ஒருவருக்கு இடுப்பு வலிக்கிறதோ, அது தேவை. 24ஆம் புலிகேசி இல்லாததால் இடுப்பு வலித்தவர் எவருமில்லை (தயாரிப்பாளருக்கு வலித்தது வேறு இடம்).

படத்துக்குள்ளேயே சான்று உண்டு. தலைப்பிலுள்ள எண்ணைக் கவனிக்க வேண்டும். 23 என்றால் முன்னே 22 பேர் ஆண்டு மாண்டிருக்கிறார்கள். அந்த 22 பேர் என்ன ஆனார்கள் என்று தியேட்டரில் ஒருவரும் கேட்கவில்லை. முன்னோர் 22 பேரைக் கேட்காதவர்கள் பின்னால் வரும் ஒருவரை மட்டும் ஏன் கேட்கப்போகிறார்கள்? அடுத்து முடிவு. மாமனின் கைப்பாவையாக வளர்ந்து, சாதிச் சண்டைக்கு மைதானம் திறந்து, குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்த புலிகேசி, இரட்டைச் சகோதரன் உக்கிரபுத்தன் வந்தபின் திருந்திவிடுகிறார். திருந்திய புலிகேசி நல்ல அரசர். நல்ல அரசரைக் குடிமக்கள் வாழ்த்துவார்கள். டிக்கெட் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். மறுபடி அவரைக் கெடுத்தால்தான் கதை நகரும். அப்படிக் கெடுத்தால் முதல் படத்தில் திருந்தியது பொய்யாகும். மேலும், சிரிப்புச் சேனல்களிலும் கைப்பேசி மீம்களிலும் அந்தப் படம் தினமும் ஓடுகிறது. நிற்காத படத்துக்கு ஏது அடுத்த பாகம்?

இதற்கு மறுப்பு வரும்: 1979இன் ‘கல்யாணராமன்’ 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ ஆகவில்லையா? ஆனது. ஆனால் உள்ளூரில் கதை மீதியிருந்தால் ஆவியை விமானம் ஏற்றி ஜப்பான் கண்காட்சிவரை கூட்டிப்போக வேண்டியிருந்திருக்காது. ‘கலகலப்பு’ 2012இலும் 2018இலும் வந்ததே என்பார்கள். அதில் ஆட்களும் வேறு, கதையும் வேறு. அது தொடர்ச்சியன்று, கிளை. நெடுஞ்சாலை ஓட்டல்காரர் “எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை” என்று போர்டு மாட்டுவது இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான். ‘தமிழ்ப்படம் 2’ க்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். பகடிக்கான சரக்கை வெள்ளிக்கிழமைதோறும் மற்றவர்கள் சப்ளை செய்யும்போது இயக்குநர் அமுதன் என்னதான் செய்வார்?

வலுவான மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. அசல் புலிகேசிகளில் பேர் பெற்றவர் இரண்டாமவரே; எனவே இரண்டாம் பாகம் முதலை விஞ்சும் என்பது அந்த வாதம். விக்கிரவாண்டிப் பக்கமே, விழுப்புரம்–செஞ்சி சாலையையொட்டிய மண்டகப்பட்டில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே குடைவரை எடுத்த மகேந்திரவர்மப் பல்லவர்தான் இரண்டாம் புலிகேசியின் படையெடுப்பைத் தாங்கியவர். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற கேலி நாடகத்தை எழுதியவரும் அவரே. குடித்திருந்த காபாலிகன் தொலைத்த கபாலத்தை நாய் கவ்விப்போகிறது, பழி புத்த பிக்குவின்மேல் விழுகிறது, கடைசியில் கபாலம் கிடைக்கிறது. நாடகம் முடிந்தது. மறுபடி தொலைத்து ‘மத்தவிலாசம் 2’ எழுத அரசருக்கு ஆள்பலமும் பணமும் இருந்தன, எழுதவில்லை. புலிகேசி விவகாரத்தை மட்டும் மகன் நரசிம்மவர்மர் தொடர்ந்து, 642 வாக்கில் வாதாபியில் முடித்துவைத்தார். ஆக, அடுத்த பாகம் தேவைப்பட்டது பகைக்கு, நகைக்கன்று. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் எடுத்ததாக மகேந்திரர் கல்வெட்டில் சொன்ன அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. அரண்மனை செட் முதல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு எடுக்கத் தொடங்கிய 24ஆம் புலிகேசி, நின்றுபோனது.