பேஸ்மென்ட்டில் யாழ்ப்பாணம் ஸ்ரேசன்: முதல், கரு, உரி

புகையிரத மாதிரிக் கலை இருவகைப்படும்: ஓடுவது, நிற்பது. ஓடுவது சிறுவர்க்கும் அவர்தம் தகப்பன்மார்க்கும் உரியது. மின்சாரம் கொடுத்தால் வட்டமாகச் சுற்றும், பத்தாவது சுற்றில் அலுக்கும். நிற்பதாவது நிலையக் கட்டடம், மேடை, கைகாட்டி, பண்டகசாலை, தண்ணீர்த் தாங்கி, கேற் காவலாளியின் குடில், இவற்றைச் சூழ்ந்த மதில், வேலி, மரம் ஆகியவற்றை அளவு பிசகாமல் சுருக்கிக் கட்டுவது. கலையில் முதிர்ந்தோர் நாளடைவில் முன்னதைக் கைவிட்டுப் பின்னதில் ஒதுங்குவர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மோர்னிங்சைட் வீதியை அண்டிய ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் யாழ்ப்பாணம் ஸ்ரேசனைக் கட்டுவது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். நிலத்தைப் பற்றிப் பேசத் தொல்காப்பியர் ஆயத்தமாக ஒரு முறை வகுத்துத் தந்திருப்பதால் வேறு முறை தேடவேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் காணப்படும் மரமும் புள்ளும் உணவும் தொழிலும் கருப்பொருள். அங்கு மாந்தர்க்கு நேர்வது உரிப்பொருள்.

முன்னோடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் தண்டவாள அகலத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்துப் பொம்மை ரயிலைக் காட்டியது. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ரோய் இங்கிலாண்ட் என்பவர், அந்நாட்டு வைட் ஹோர்ஸ் பள்ளத்தாக்கின் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு அவற்றை அட்டையில் வெட்டிக் கட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே பெண்டன் அருங்காட்சியகம். மறைகிற ஊரைச் சிறிதாக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்ற கொள்கைக்கு அவரை மூலவர் எனலாம். ரொறன்ரோவில் 1938 முதல் ஒரு மாதிரி ரயில் சங்கம் உண்டு. 2021இல் நகர நடுவில் திறக்கப்பட்ட 'லிட்டில் கனடா' நாட்டையே 87இல் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டுகிறது.

தமிழர் இதற்குப் புதியவர் அல்லர். கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவைத்து வயலாக்குவதும், முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி அதில் பிளாஸ்ரிக் வாத்தை மிதக்கவிடுவதும் தமிழ்நாட்டு வழக்கம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் மார்கழி தோறும் கசக்கிய தாளில் மலை எழுப்பிப் பாலன் குடில் வைப்பர். குடிலைத் தை பிறந்ததும் கழற்றிப் பெட்டியில் போடுவர் என்பதே வேறுபாடு. பேஸ்மென்ட் நிலையம் கழற்றப்படுவதில்லை, கட்டி முடிவதுமில்லை.

இனி முதற்பொருளில் நிலம். மேல்வீட்டு வாழ்க்கையில் இடம் கிடைக்காத எல்லாம் இறங்கித் தங்கும் இடமே பேஸ்மென்ட். வெப்பமூட்டி, சுடுதண்ணீர்த் தாங்கி, பெரிய பிறிசர், விரித்துப் பார்க்காத சூட்கேஸ்கள், கொழும்பிலிருந்து வந்த பித்தளைக் குத்துவிளக்கின் இரண்டாவது சோடி ஆகியன நிலையத்துக்கு முன்பே அங்கு குடியிருப்பவை. ஆயினும் நிலையத்தின் உண்மைப் பகை இவையல்ல, வாடகை. சமையலறை வைத்து வாடகைக்கு விட்டால் வீட்டுக் கடனில் ஒரு பகுதியைச் சுமக்கக்கூடிய அறையில் ஓடாத ரயிலுக்கு நிலையம் கட்டுவது பொருளாதார நூலார் எவராலும் ஆதரிக்கப்படாதது. ஆகவே இக்கலை பயில்வோர் பெரும்பாலும் கடன் கட்டி முடித்தோராகவோ, வாடகைக்காரருடன் ஒருமுறை பட்டு ஓய்ந்தோராகவோ இருத்தல் இயல்பு.

மோர்னிங்சைட்டுக்கு இவ்வாராய்ச்சியில் தனிச் சிறப்பு உண்டு. 2007இல் ரொறன்ரோ நகரம் அறிவித்த 'ட்ரான்சிட் சிற்றி' திட்டத்தில் இந்த வீதி வழியே இலகு ரயில் ஒன்று வரையப்பட்டது. திட்டத்தின் பெயர் மாறியது, வரைபடம் மாறியது. வீதியில் இன்னும் பஸ் ஓடுகிறது. ஸ்காபரோவுக்கென்று 1985இல் வந்த ரயிலும் 2023 ஜூலையில் பெட்டியொன்று தடம்புரண்டதோடு நிறுத்தப்பட்டது. அதுவும் மோர்னிங்சைட் வரை வந்ததில்லை. ரயில் வராத ஸ்ரேசன் ஒன்று பேஸ்மென்ட்டில் இருப்பது இந்த வட்டாரத்தின் போக்குவரத்து மரபுக்கு முற்றும் இயைந்தது.

அளவு பற்றிய வழக்கு நெடியது. உலகில் பெருவழக்காக உள்ள எச்-ஓ அளவு 1:87. இதன்படி ஆள் ஒருவர் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் உயரம். 100 மீற்றர் மேடை 115 சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 18 கிலோமீற்றரையும் காட்ட விரும்பினால் 200 மீற்றருக்கு மேல் தேவைப்படும். அஃதாவது கொக்குவில் பக்கத்து வீட்டிலும், சுன்னாகம் தெருக்கோடியிலும், காங்கேசன்துறை அடுத்த தெருவில் உள்ளவரின் கராஜிலும் அமையும். அயலவர் உடன்படமாட்டார்கள் என்பதால் ஒரு ஸ்ரேசனோடு நிறுத்திக்கொள்வதே மரபு.

அடுத்த இடர் தண்டவாளம். இலங்கையின் அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீற்றர் வரும். கடையில் கிடைக்கும் எச்-ஓ தண்டவாளமோ வட அமெரிக்காவின் நாலடி எட்டரை அங்குலப் பாதைக்கானது. அதன் அகலம் 16.5 மில்லிமீற்றர். இடையில் நிற்பது மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு. இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பர் ஒரு சாரார். பொறுத்துக்கொண்டால் அது யாழ்ப்பாணம் அல்ல, ஒன்ராறியோவின் பெல்வில் என்பர் மறுசாரார். கடைத் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவை எல்லாவற்றையும் 1:101.6 என்ற அளவுக்குச் சுருக்கினால் கணக்கு நேராகும் என்பது மூன்றாவது கட்சி. கணக்கு நேராவது உண்மையே. அந்த அளவில் கடையில் ஓர் ஆளோ, கதிரையோ, சைக்கிளோ வாங்க முடியாது என்பதால் அக்கட்சியார் ஆளில்லா ஸ்ரேசன் முன் நிற்கின்றனர்.

நிலத்தினும் பொழுது கடினம். வட பாதையின் காங்கேசன்துறை முனை 1902இலும், முழுப் பாதையும் 1905இலும் திறக்கப்பட்டன. யாழ்தேவி ரயில் 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ஓட்டம் நின்றது. பின்னர் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் கிளப்பப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபர் 13இல் இந்தியக் கடனுதவியில் மீளக் கட்டிய பாதையில் மீண்டும் ரயில் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் நீண்டது. இவற்றுள் எந்த ஆண்டின் ஸ்ரேசனைக் கட்டுவது?

1970களைக் கட்டுவோர் பெருந்தொகையினர். அவர்களுடைய ஸ்ரேசனில் எப்போதும் பள்ளி விடுமுறை, எப்போதும் காலை. ஆதாரம் ஆளுக்கொரு ஞாபகம். மேடைக் கூரைத் தூண்களின் எண்ணிக்கையில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போவதில்லை. புகைப்படம் கிடைத்தாலும் அதில் மாமா ஒருவர் தூணை மறைத்துக்கொண்டு நிற்பார். 2014ஐக் கட்டுவோர்க்கு ஆதாரம் ஏராளம், ஆனால் வேலை இல்லை: புதுச் சாந்து, புதுப் பெயின்ற், கொங்கிறீற் சிலிப்பர். இடைப்பட்ட கால்நூற்றாண்டைக் கட்டுவோர் மிகச் சிலர். கூரை இல்லாத சுவர், குண்டு துளைத்த பூச்சு, மேடை வெடிப்பில் முளைத்த மரம், தண்டவாளம் இருந்த இடத்தில் பற்றை என அதற்கே மிகுந்த கைத்திறன் வேண்டும். இக்கலையின் அளவுகோலால் அளந்தால் அதுவே உச்சம். ஆனால் அதை வரவேற்பறைக்குக் கொண்டுவர எவரும் கேட்பதில்லை.

கருப்பொருளில் மரம் பனை. கடைகளில் கிடைப்பவை பைன், மேப்பிள், விடுமுறை விளம்பரத்துக்கேற்ற தென்னை. பனையைக் கையால்தான் செய்யவேண்டும். 20 மீற்றர்ப் பனை 23 சென்ரிமீற்றர் ஆகும். முறுக்கிய கம்பி அடிமரம்; அதன்மேல் பசை பூசிய நூல் சுற்றினால் வளையங்கள் தெரியும். ஓலைக்கு மெல்லிய தாளை வட்டமாக வெட்டி, விசிறி மடிப்பாக மடித்து, விளிம்பைக் கூரிய கத்தரியால் கீறி, காம்பில் ஒட்டுவர். ஒரு பனைக்கு முப்பது ஓலை என்றால் இருபது பனைக்கு அறுநூறு. கீழோலைகள் காய்ந்து தொங்கவேண்டும் என்பதை மறந்தவர் அறுநூறையும் பச்சையாக அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவர். புள் காகம், 5 மில்லிமீற்றர். மண், ஸ்ரேசனுக்கு வடக்கே கோண்டாவில், இணுவில் காட்டினால் செம்பாடு; அதற்குச் செங்கல்லைப் பொடித்து அரித்துத் தூவுவர். நிறத்தில் இன்னும் நெருங்கியது யாழ்ப்பாணத்துக் கறித்தூளே என்றாலும் பேஸ்மென்ட்டுக்குப் பூச்சியை அழைப்பதால் அது விலக்கப்பட்டது. உணவு வடை: 6 சென்ரிமீற்றர் வடை 0.7 மில்லிமீற்றர் ஆகும். அதன் நடுத்துளையைக் காட்டவேண்டுமா என்ற வினா ரயிலில் விற்பது கடலை வடை, அதற்குத் துளையே இல்லை என்று சுட்டிக்காட்டப்பட்டதும் அடங்கியது.

சிலிப்பர் கட்டைக்குக் கனடா தந்த கொடை கோப்பி கலக்கும் மரக்குச்சி. இதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல், அகலம் ஏறத்தாழ 6, நீளம் ஏறத்தாழ 140. நெடுக்காக இரண்டாகப் பிளந்து 32 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நறுக்கினால், அகலப்பாதைச் சிலிப்பர் எட்டு கிடைக்கும். மூன்று மீற்றர்ப் பாதைக்கு நானூறு சிலிப்பர், அதற்கு ஐம்பது குச்சி, அதற்கு ஐம்பது கோப்பி. ஒரு கோப்பிக்கு ஐம்பது குச்சி எடுப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாதது எனினும் விரைவானது.

இவ்வளவும் முடிந்தபின் தொடங்குவதே உண்மையான வேலை, அதாவது பழசாக்குதல். புதிதாகக் கட்டிய எதுவும் பொம்மையாகத் தெரியும். அழுக்குப் படிந்ததும் ஸ்ரேசனாகத் தெரியும். அமெரிக்காவின் ஜோன் அலன் இந்நெறியைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். அரை லீற்றர் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் இரண்டு தேக்கரண்டி இந்தியன் இங்க் கலந்து மரத்தில் பூசினால், ஒரு நாளில் நாற்பது ஆண்டு வெயில் பட்டதுபோல் சாம்பல் பிடிக்கும். சுண்ணாம்புக் கட்டியை அரத்தில் தேய்த்த பொடியால் கூரையில் மழைநீர் வடிந்த கோடு இடுவர். தூரிகையில் பெயின்றைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்து, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் தடவினால் சாந்து உதிர்ந்த மூலை தெரியும். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துரு. மேற்புறம் மட்டும் மினுங்கவேண்டும், அன்றேல் ரயில் ஓடுவதில்லை என்று பொருள். வெப்பமூட்டியிலிருந்து இலவசமாக வரும் தூசி இதற்கெல்லாம் உதவாது. அது ஒன்றுக்கொன்று அளவில் இருப்பதால் பழமையாகத் தெரியாமல் தூசியாகவே தெரியும். எனவே வாங்கிய அழுக்கைக் காப்பதற்காக, தானாக வந்த அழுக்கை வாரந்தோறும் மென்தூரிகையால் தட்டவேண்டியுள்ளது. மேல்மாடியில் ஒருபோதும் தும்புத்தடியைத் தொடாதவர் இங்கே தொடுவது குடும்பத்தாரின் கவனத்துக்குத் தப்புவதில்லை.

எஞ்சியது உரிப்பொருள். ஸ்ரேசனுக்குரியது காத்திருத்தல்; முல்லைத் திணைக்கு நெருங்கிய உறவு. மேடையில் பெட்டியின்மேல் இருப்பவர், நேரசூசியை அண்ணாந்து பார்ப்பவர், கச்சான் விற்பவர், கொடியோடு ஸ்ரேசன் மாஸ்ரர் எல்லாரும் கொழும்புப் பக்கம் பார்க்கவைக்கப்படுவர். கோச்சி வந்துவிட்டால் இந்த ஒழுக்கம் முறியும். பார்ப்பவர் கண்ணும் வடையை விட்டு இயந்திரத்துக்குப் போய்விடும். ஆகையால் கடுந்தவத்தோர் ரயில் வாங்குவதேயில்லை. இளகிய மனத்தோர் ஓர் இயந்திரத்தை மட்டும் வாங்கிப் பண்டகசாலைக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்துவர். இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு: கொழும்புத் திட்டத்தின்கீழ் 1950களில் கனடா இலங்கைக்கு அளித்த டீசல் இயந்திரங்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் இடப்பட்டன. அவற்றுள் ஒன்று ஒன்ராறியோ. அந்தப் பெயரைக் கழுத்தில் தாங்கிய இயந்திரத்தை ஒன்ராறியோவில் ஒரு பேஸ்மென்ட்டில் நிறுத்துவதற்கு எவரும் தடை சொல்ல முடியாது.

காப்பு முறை குறித்து ஒன்றிரண்டு. ஜோன் அலன் 1973 ஜனவரியில் இறந்த சில நாட்களில் அவருடைய மாதிரி உலகம் தீயில் அழிந்தது. ஆகவே அல்ககோல் போத்தலை வெப்பமூட்டியிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். குளிர்காலத்தில் பசை மணம் காற்றுக்குழாய் வழியே மேல்மாடிப் பூசையறை வரை ஏறும். பெயின்ற் அடிப்பதை வசந்தத்துக்கு ஒத்திவைப்பது நலம். பெருமழையில் வடிகால் நீர் திரும்பி ஏறும் பகுதிகளில் மேசையின் கால் உயரம் 90 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது.

வீடு விற்பது பற்றியும் முன்கூட்டியே எண்ணவேண்டும். வீடு பார்க்க வருவோரிடம் முகவர்கள் ஸ்ரேசனைக் காட்ட விரும்புவதில்லை. பலகையை ஒரே துண்டாக அமைத்தவர் அதைப் படிக்கட்டில் திருப்ப முடியாமல் கொக்குவில் பக்கம் வாளால் அறுப்பர். துண்டு ஒவ்வொன்றும் 28 அங்குல அகலத்துக்கு மேற்படாது, பின்பக்கம் போல்ற் பூட்டி, பனைகளைத் தனியே பிடுங்கி எடுக்கத்தக்கதாக அமைத்தால் 30 அங்குலக் கதவால் வெளியே கொண்டுபோகலாம்.