குப்புறப் படுத்தால்தான் காளான்

காளானைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர் மானத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. பூவை நின்றபடி எடுக்கலாம். பறவையை அண்ணாந்து எடுக்கலாம். காளானுக்கு மட்டும் கன்னம் தரையில் பட வேண்டும். அதன் சாதகம் முழுக்கக் குடைக்கு அடியில்தான் எழுதியிருக்கிறது: மடிப்புகள் என்ன நிறம், தண்டில் வளையம் உண்டா, அடிப்பக்கம் வீங்கியிருக்கிறதா. மேலிருந்து எடுத்த படம், பின்மண்டையை மட்டும் எடுத்துவிட்டு ஆள் யார் என்று கேட்பது மாதிரி.

சுங்கை பட்டாணியில் இருக்கும் எங்கள் பாக்கார் ஆராங்கில் தொழிற்சாலையும் தாமானும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஊரை விட்டு வெளியே போனால்தான் ரப்பரும் செம்பனையும். அதற்கும் அப்பால் 1,217 மீட்டர் உயரத்துக்குக் குனோங் ஜெராய். மழை விட்ட காலையில் தோட்டத்து மண்சாலையோரம் படுத்திருந்தேன். பட்டுப்போன ரப்பர்க் கட்டையில் கூலாட் சிசிர் விசிறி விசிறியாக விரிந்திருந்தது. வெயிலில் செத்ததுபோல் சுருண்டு கிடக்கும். ஈரம் பட்டால் எழுந்துகொள்ளும். பால்வெட்டில் ஆயுளைக் கழித்த ஒரு பாட்டி சைக்கிளை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, விழுந்துட்டியா?"

"இல்ல பாட்டி, காளான படம் எடுக்கிறேன்."

"எடுத்து?"

"வச்சுக்குவேன்."

"கறி வைக்க மாட்டியா?" பாட்டியின் முகத்தில் என் குடும்பத்தைப் பற்றிய கவலை தெரிந்தது.

மனம் இரங்கி, புற்றுக்காளான் முளைத்த இடத்துக்கு அழைத்துப் போனார். மண்ணுக்கடியில் கரையான்கள் பயிர் செய்கிற காளான் அது. தண்டு வேர்போல நீண்டு புற்றுவரை இறங்கும். நான் ஆசையாகப் படுத்தேன். பாட்டி கேமராவை மறைத்தார். "பின்னால இருக்கிற மரம் விழாம எடு. அதப் பார்த்தே இடத்தக் கண்டுபிடிச்சிருவாளுங்க!" படக்கலையில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பாடம் அதுதான்.

செம்பனைக் காட்டில் நிலைமை வேறு. அடித்தண்டில் கனோடெர்மா என்ற காளான் பளபளவென்று பூத்தால் எனக்குக் கொண்டாட்டம், தோட்ட நிர்வாகிக்கு வயிற்றெரிச்சல். மரம் உள்ளே அழுகிய பிறகுதான் அது வெளியே தலைகாட்டும், மருந்தும் கிடையாது. அங்கே "அடடா, என்ன அழகு!" என்று சத்தமாகச் சொல்லக் கூடாது.

இந்த வேலைக்குத் துணையும் வேண்டும். 1929-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த கார்னர் என்ற ஆங்கிலேயர் காளான் ஆராய்ச்சியாளர். உயர்ந்த மரங்களிலிருந்து இலை, காய் பறித்துப் போடப் பெரோக் குரங்குகளைப் பழக்கினார். எனக்கு விளக்குப் பிடிக்க மச்சானைக்கூடப் பழக்க முடியவில்லை. முதல் அட்டை காலில் ஏறியதும் காரில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். புலனத்தில் காளான் படத்தோடு வரும் "தின்னலாமா?" என்ற கேள்விதான் பயமுறுத்துகிறது. தாமான் புல்வெளியில் முளைக்கும் குளோரோஃபில்லம் பார்க்க லட்சணமானது: வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில். இளசில் அடிமடிப்பும் வெள்ளை. முற்றினால்தான் பச்சை காட்டும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி.

ஆகையால் அத்தைமாரே, சித்திமாரே, படத்தை அனுப்பி "கறி வைக்கலாமா?" என்று என்னைக் கேட்காதீர்கள். சந்தையில் சிப்பிக்காளான் கிடைக்கிறது. அதை வாங்கிச் சமையுங்கள்; எனக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.