சொட்டுக் குழாயும் இறுக்குவாதமும்: ஓர் ஆய்வு

தொல்காப்பியர் சமையலறைக் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் காலத்தில் குழாய் ஏது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. பின்னால் வந்த உரையாசிரியர்களும் வாய் திறக்காததற்கு என்ன சமாதானம்? ஆகவே இலக்கணம் வகுக்கும் பாரம் இக்கட்டுரையின் தலையில் விழுகிறது. முதலிலேயே ஒன்று: சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் அரசு அமைத்துத் தருகிற சொட்டுநீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தச் சொட்டுக்கு மானியம் கிடையாது.

ஒழுகல் மூவகைப்படும். அவை மூக்கொழுகல், கழுத்தொழுகல், அடியொழுகல் என்பன. மூடிய பின்னும் நுனியில் சொட்டுவது மூக்கொழுகல். திறந்திருக்கையில் கைப்பிடிக்குக் கீழே கசிவது கழுத்தொழுகல். சுவரில் சேரும் மரையில் ஈரம் கட்டுவது அடியொழுகல். இம்முக்குற்றமும் ஒரே குழாயில் ஒருசேர வரின் அதனைச் சன்னி என்க. அதற்கு மருந்தில்லை, புதுக் குழாய்தான்.

மூன்றில் தலையாயது மூக்கொழுகல். கைப்பிடியைத் திருகத் திருக ஸ்பிண்டில் கீழே இறங்கும். அதன் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர், தண்ணீர் வரும் துளையின் பித்தளை விளிம்பில் உட்கார்ந்து வழியை அடைக்கும். 1845இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரைச் சேர்ந்த கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்புக்காரர்கள் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. தண்ணீரை நிறுத்துவது ரப்பர்; நாம் நம்புவதோ நம் மணிக்கட்டை. எல்லாப் பிணக்கும் இங்கேதான் தொடங்குகிறது.

சொட்டும் குழாயை எதிர்கொள்வதில் நம் வீடுகளில் மூன்று மதங்கள் நிலவுகின்றன. முதலாவது இறுக்குவாதம். ‘நிற்கவில்லையா, இன்னும் இறுக்கு’ என்பது இதன் மூலமந்திரம். வீட்டுக்கு ஒருவராவது இம்மதத்தில் தீட்சை பெற்றிருப்பார், பெரும்பாலும் மாமனார். அவர் மூடிய குழாயை மருமகள் திறக்கக் கரண்டிக் காம்பை நெம்புகோலாக நுழைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது துணிவாதம். குழாய் மூக்கில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டித் தொங்கவிட்டால் சொட்டு துணி வழியே ஓசையில்லாமல் இறங்கும். சத்தம் போனால் நோய் போயிற்று என்பது இவர்கள் சித்தாந்தம். மூன்றாவது ஏனவாதம். அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

மூன்றிலும் நாணயமானவர்கள் ஏனவாதிகளே. அவர்களிடம்தான் அளவை உண்டு. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்ற மருந்துக்கடைக் கணக்கில் இது 4.32 லிட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் எட்டரைக் குடத்துக்கும் மேல். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இந்தக் கணக்கை உரக்கச் சொல்ல வேண்டாம்.

இறுக்குவாதத்தை மறுக்க நூல் தேவையில்லை. வாஷரைக் கழற்றிப் பார்த்தால் போதும். கறுப்பு ரப்பரின் முகத்தில் அம்மைத் தழும்பு போல ஒரு வட்டப் பள்ளம் பதிந்திருக்கும். ஓரம் கல்லாக இறுகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பொடி உதிரும். அந்தப் பள்ளம் விளிம்போடு பொருந்தாத இடத்தில்தான் சொட்டு பிறக்கிறது. இறுக்க இறுக்கப் பள்ளம் ஆழமாகிறது. பள்ளம் ஆழமாக ஆக மாமனார் மேலும் இறுக்குகிறார். அப்படியே விட்டால் பித்தளை விளிம்பும் கீறிப்போகும். பிறகு எத்தனை புது வாஷர் போட்டாலும் பயனில்லை.

இனிச் சிகிச்சை. மொட்டை மாடிக்குப் போய் கேட் வால்வை மூடுக. உப்புத் தண்ணீர் ஊரில் அது அசையாது. அசைந்தால் முழுதாக மூடாது. கீழே குளித்துக்கொண்டிருப்பவர் முகத்தில் சோப்போடு கத்தினால் வால்வு மூடிவிட்டது என்பது பெறப்படும். ஸிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்த பின்னரே ஸ்க்ரூவில் கை வைக்க. கைப்பிடி ஸ்க்ரூவுக்கு அந்த ஓட்டையின் மேல் தீராக் காதல். ஸ்பேனருக்கும் குழாய்க்கும் நடுவே துணி கொடுத்தால் பளபளப்பு பிழைக்கும். விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய துணியைச் சற்று நேரம் வைத்துத் தேய்த்தால் கரையும்.

ஹார்டுவேர் கடையில் வாஷரின் விட்டம், தடிமன் எல்லாம் சொல்லி முடித்ததும் கடைக்காரர் ஒரே கேள்வி கேட்பார்: “பழசைக் கொண்டாந்தீங்களா சார்?” அவர் ஆய்வுமுறையில் மாதிரி இல்லாத வாதம் செல்லாது.

கழுத்தொழுகலுக்குக் கைப்பிடியின் கீழுள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். இறுக்குவாதிகள் வெல்லும் இடம் இது ஒன்றே. அரைச் சுற்றாக்கி அந்த வெற்றியையும் அவர்களே கெடுத்துக்கொள்வார்கள். அடியொழுகலுக்கு டெஃப்லான் டேப். 1938இல் அமெரிக்காவில் குளிர்பதனப் பெட்டிக்கான வாயுவைத் தேடியபோது ராய் பிளங்கெட் கையில் தற்செயலாகச் சிக்கிய பொருள் அது. மரை முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் ஓடும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வரும். அதைக் கத்தரித்து அழகுபடுத்துவது வைத்தியமாகாது.

கால் திருப்பில் திறக்கும் புதுக் குழாய்களில் வாஷர் இல்லை. இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் திறந்து மூடுகின்றன. அங்கே இறுக்குவாதத்துக்கு வேலையே இல்லை, தொட்டியிலிருந்து வரும் மணல்தான் பகை. ஸ்பிண்டிலோடு மாற்றிவிட வேண்டியதுதான்.

பிளம்பரை அழைப்பது ஒன்றும் இழுக்கல்ல. அவர் வந்ததும் குழாயைத் தொடுமுன், “யார் சார் இதுல கை வச்சது?” என்பார். போன முறை அவரே கை வைத்த குழாயாயினும் இக்கேள்வி மாறாது.

தாமே செய்யத் துணிந்தோருக்கு இரண்டு வேண்டுகோள். வாஷரை இரண்டாக வாங்குங்கள். ஞாயிறு பிற்பகலில் மட்டும் குழாயைக் கழற்றாதீர்கள். மாடியில் வால்வு மூடியிருக்கும், தெருவில் கடையும் மூடியிருக்கும்.