ஏழரை யூனிட் மண்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன் போன சித்திரையில் ஒரு படம் அனுப்பினான். சரிவான தோட்டம். மேலே ஒரு தளம், நாலு படி இறங்கினால் கீழே இன்னொரு தளம், இரண்டிலும் பிரம்பு நாற்காலிகள். "நம்ம வீட்டுப் பின்னாடியும் இப்படி ஒரு பாட்டியோ கட்டலாம்ப்பா" என்று எழுதியிருந்தான். அதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியது என் தப்பு.

"எந்தப் பாட்டி?" என்றார்.

"பாட்டி இல்லப்பா, பாட்டியோ. உக்கார்ற இடம்."

"உங்கம்மா போயி பதினஞ்சு வருசமாச்சு. இப்பப் போயி அவளுக்கு உக்கார இடம் கட்டறானாமா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பாட்டி இடம்'.

எங்கள் ஊர் கொல்லிமலையில் குண்டனி நாடு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று இங்கே எல்லாமே நாடுதான். மலையடிவாரத்து சிமெண்ட் கடையில் "குண்டனி நாட்டுக்கு டெலிவரி" என்றபோது, கல்லாவில் இருந்த பையன் "ஃபாரின்லாம் அனுப்பறதில்லைங்க" என்றான். கிண்டலா நிஜமா என்று இன்னும் தெரியவில்லை.

அடுக்களைக் கதவைத் திறந்தால் நேராகச் சரிவு. முடிவில் காப்பிச் செடிகள், அதற்கும் கீழே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக். கை நழுவிய எலுமிச்சம்பழத்தை எங்கள் வீட்டில் குனிந்து எடுப்பதில்லை, இறங்கிப்போய்த்தான் எடுப்போம்.

முதலில் சரிவை அளக்க வேண்டும். நாமக்கல் பக்கமிருந்து வந்த மேஸ்திரி, பையிலிருந்து டியூப் மட்டத்தை எடுத்தார். வேறொன்றுமில்லை, தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பது இயற்கையின் விதி. அவர் ஒரு முனையை அடுக்களை வாசற்படியில் பிடித்துக்கொண்டார், நான் மறுமுனையோடு காப்பிச் செடிக்கு இறங்கினேன். என் முனையை இடுப்பளவில் பிடித்திருந்தேன். இயற்கையின் விதிப்படி தண்ணீர் முழுவதும் என் வேட்டியில் இறங்கியது. "தலைக்கு மேல தூக்குங்க சார்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மறுபடி நிரப்பித் தூக்கிப் பிடித்தால் நடுவில் ஒரு குமிழி. குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லுமாம். டியூபைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா வெற்றிலையை மென்றபடி, "அஞ்சடி இருக்கும்" என்றார். டேப் வைத்துப் பார்த்தோம். அஞ்சடிதான்.

ஆக, நீளம் 20 அடி, அகலம் 15 அடி, இறக்கம் 5 அடி. மேஸ்திரிக்கு இரண்டு தளம் பிடிக்கவில்லை. "எதுக்கு சார் படி, இறக்கம்னு? காப்பிச் செடிகிட்ட அஞ்சடிக்கு ஒரு சுவர் எழுப்பி, உள்ளே மண்ணைக் கொட்டி, ஒரே மட்டமா மைதானம் மாதிரி ஆக்கிடலாம்" என்றார். எவ்வளவு மண்? ஒரு பக்கம் அஞ்சடி, மறுபக்கம் பூஜ்யம், சராசரி இரண்டரை. இருபதால் பெருக்கி, பதினைந்தால் பெருக்கினால் 750 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட்.

"ஏழரை யூனிட்" என்றார்.

அந்த எண்ணைக் கேட்டதும் என் மனைவி உள்ளே போய்ச் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். ஏழரை நாட்டுச் சனி வருவது கேள்விப்பட்டிருக்கிறோம், யூனிட்டில் வருவது இதுதான் முதல்முறை. போதாதற்கு, கொட்டிய மண்ணை இடித்துக் கெட்டித்தால் கால் பங்கு அடங்கிப்போகுமாம். ஏழரை நிற்க வேண்டுமென்றால் பத்து வர வேண்டும்.

எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூறு பேசுகிறது. செம்மேட்டில் சிலை இருக்கிறது, ஆடியில் விழா எடுக்கிறோம். மேஸ்திரி தந்த எஸ்டிமேட்டும் அந்த ரகம்தான். என் சேமிப்பு, பி.எஃப்., மனைவியின் வளையல், சீட்டுப் பணம், தம்பியிடம் வாங்கலாம் என்றிருந்த கைமாற்று, ஐந்தையும் ஒரே தாளில் வீழ்த்தியது. ரூபாய் 2,75,000.

இதில் பொருளின் விலை பாதிதான், மீதி வளைவின் விலை. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் கிலோமீட்டருக்கு வாடகை பேசும் டிரைவர்கள் இங்கே வளைவைக் கணக்கு வைத்துப் பேசுகிறார்கள். நாற்பதாவது வளைவில் ஒரு டீ, ஒரு பெருமூச்சு. அதற்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். சோதனையாக ஒரு யூனிட் எம்சாண்ட் மட்டும் வரவழைத்தேன். டிப்பர் எங்கள் சந்துக்குள் நுழையவில்லை, ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து வீட்டுக்குத் தலைச்சுமை. முதல்நாள் பாதி வந்தது. இரவு மழை. மீதி மணல் பக்கத்துத் தோட்டத்து மரவள்ளிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "எங்க காடு செம்மண்ணு, மணல் கலந்தா நல்லதுதான்" என்று அந்த அண்ணன் நன்றி சொன்னார். நன்றியை எஸ்டிமேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

நான் நோட்டும் பேனாவுமாக இடிந்துபோய் உட்கார்ந்திருந்த மறுநாள், அப்பா கடப்பாரையோடு பின்பக்கம் இறங்கினார். சரிவின் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"மேல தோண்டு, கீழ போடு. நடுவுல கல்லு வை. நெல்லு வயலுக்கு எங்கப்பன் பண்ணுனது இதுதான். இதுக்கா மேஸ்திரி?"

நோட்டில் போட்டுப் பார்த்தேன். பத்தடிக்கு ஒரு தளமாக இரண்டு. ஒவ்வொன்றிலும் மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்பாதியில் நிரப்பினால், ஆழம் ஒன்றேகால் அடிக்கு மேல் போகாது. இரண்டு தளத்துக்கும் சேர்த்துப் புரட்டும் மண் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. வெளியிலிருந்து ஒரு கூடை மண்கூட வேண்டாம். அடுக்களை வாசலில் இரண்டு படி, தளங்களுக்கு நடுவில் அரையடி உயரத்தில் ஐந்து படி. மகன் அனுப்பிய படமும் அதுதான், ஒரு படிதான் கூடுதல். அந்தப் படத்தைப் பார்க்காமலே கோடு கிழித்தவர் என் அப்பா.

கல் சொந்தக் காட்டிலேயே கிடந்தது. சுவருக்கு சிமெண்ட் பூசலாமா என்றேன். பூசக் கூடாதாம். கல்லை வெறுமனே அடுக்கினால் மழைத்தண்ணீர் இடுக்கு வழியாகப் போய்விடும், பூசினால் பின்னால் நின்று தள்ளும். பக்கத்தில் ஒரு விடுதிச் சுவர், பூசி வெள்ளையடித்த அழகோடு, ஒரே ஐப்பசியில் வயிறு தள்ளி நிற்பதைக் கொண்டுபோய்க் காட்டினார். அடியில் ஒன்றரை அடி அகலம், மேலே போகப்போகக் குறுகி, உள்பக்கம் சாய்ந்து. "கல்லு மலை மேல சாயணும், மனுசன் மேல சாயக் கூடாது."

தளத்துக்கு மட்டும் மேஸ்திரியையே கூப்பிட்டோம். மனுஷர் ரோஷப்படாமல் வந்தார். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் விட்டுப் போட்டார். மட்டமாகப் போட்டால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்குமாம். காசு கொடுத்துச் சரிவை மட்டமாக்கி, மறுபடி காசு கொடுத்து அதில் சரிவு வைக்கும் வேலைக்குப் பெயர்தான் பாட்டியோ என்று புரிந்தது. சிமெண்ட் 14 மூட்டை, உள்ளூர் ஆட்கள் இரண்டு பேருக்குப் பன்னிரண்டு நாள் கூலி, மரவள்ளிக்குப் போன மணல் உட்பட மொத்தம் 84,000 ரூபாய். தம்பியின் கைமாற்று தப்பித்தது, வளையல் தப்பவில்லை.

தையில் மகன் நான்கு பிரம்பு நாற்காலிகளோடு வந்தான். மேல்தளத்தில் என் மனைவி சாமை காயப்போட்டிருந்தாள். கீழ்தளம் முழுக்க அப்பாவின் மிளகு, ஓரத்தில் கோழி விரட்டும் குச்சியோடு அப்பா. "இத்தனை வருசம் பாயில காயவெச்சேன். இதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். நாற்காலிகள் இப்போது பரணில் இருக்கின்றன.

கொல்லிமலைக்கு வருவதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாசி வரை உட்கார இடம் கிடையாது. சித்திரை கடைசியில் வாருங்கள், மிளகு மூட்டைக்குள் போயிருக்கும், பலா பழுத்திருக்கும். வரும்போது காரவள்ளியைத் தாண்டுவதற்கு முன் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கிக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு படி இன்னும் பாக்கி.