வளவுத் தொட்டி வாட்டம்: ஒரு கறிவேப்பிலையை முன்வைத்து

சிவகங்கை மாவட்டத்துக் கொத்தமங்கலத்தில், பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீடொன்றில், இரண்டாங்கட்டுத் தூணோரம் சிமெண்டுத் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியே இவ்வாய்வின் களம். மாதிரி எண்ணிக்கை: ஒன்று. இரண்டாவது செடி ஆய்வு தொடங்குமுன்பே பட்டுப்போய்விட்டது.

முன்னோர் படைப்புக்கு வந்த எட்டுப் புள்ளிகளும், அதாவது பங்காளிக் குடும்பங்களும், ஊர் திரும்பிய நாலாம் நாள், செடி தலையைத் தொங்கப்போட்டது. நடுப்பகலில் துவண்டு அந்தியில் நிமிர்ந்தால் அது வெயிற்களைப்பு, நோயில்லை. இதுவோ விடியற்காலையிலும் துவண்டே கிடந்தது.

செடி வைத்தியத் துறையின் முன்னோடி வள்ளல் பாரி. இதே சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் அவனுடைய பறம்பு என்பர். வாடிய முல்லைக்குக் கொழுகொம்பின்மையே நோய் என்று கண்டு, தேரையே சிகிச்சையாகக் கொடுத்தான். மண்ணில் விரல் விட்டுப் பார்த்தானா என்பதற்குச் சான்றில்லை. நான் விட்டேன். இரண்டு கணு ஆழத்தில் சேறு. புளித்த வாடை வேறு.

இங்கேதான் உலகம் ஏமாறுகிறது. செல்லுக்குள் நீரழுத்தம் குறைந்தால் இலை துவளும். தண்ணீர் போதாவிட்டாலும் அப்படித்தான், மிஞ்சினாலும் அப்படித்தான். மண்ணிடுக்கில் காற்றிருந்த இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தால் சாகும். பார்ப்பவரோ, "ஐயோ, வாடுதே!" என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார்.

வாய்மொழித் தரவு திரட்ட வீட்டு ஆச்சியை அணுகினேன். "நான் ஒரு சொம்புதானே தம்பி ஊத்துனேன்?" என்றார். தொலைபேசியில் விசாரித்த மற்ற எட்டுப் புள்ளிகளும் அதையே சொன்னார்கள். எல்லாரும் சொன்னது உண்மை. பொதுச்செடிக்கு எல்லாரும் அளவாக ஊற்றினால் நாளொன்றுக்கு ஒன்பது சொம்பு. இதில் அரிசி களைந்த தண்ணீரும் புளித்த மோரும் சேர்த்தியில்லை. போதாக்குறைக்கு, தரையில் கறை படியாமலிருக்க யாரோ தொட்டிக்கடியில் ஆத்தங்குடி டைல்ஸ் ஒன்றைச் செருகியிருந்தார்கள்; அது வடிதுளையைக் கச்சிதமாக அடைத்திருந்தது. கைவினையின் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், செடி எவ்வளவு நீரை ஆவியாக்குகிறது என்றறிய, சூரியகாந்தித் தொட்டியின் வாயை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடைபோட்டார். 1727இல் நூலாகவும் வெளியிட்டார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதிருக்கவே தகடு என்பது அவர் தரப்பு. பங்காளிகளுக்காகவும் அதைப் பரிந்துரைக்கலாம் என்பது என் துணிபு.

சிகிச்சை: டைல்ஸை உருவி எறிந்தேன். கறுத்துக் குழைந்த வேர்களை நறுக்கி, செம்மண், மணல், மக்கிய சாண எரு கலந்து மாற்றி நட்டு, மூன்று செங்கல் துண்டுகள்மேல் நிழலில் ஏற்றி வைத்தேன். துளிர் வரும்வரை உரம் கிடையாது. விரலில் ஈரம் ஒட்டினால் தண்ணீரும் கிடையாது.

துளிர் விட்டிருக்கிறது. அடுத்த படைப்புக்கு வரும் புள்ளிகள் தொட்டியை நலம் விசாரிக்கலாம். சொம்பை மட்டும் வளவு வாசலிலேயே வைத்துவிட்டு வரவும்.